என் முதுகில் எழுதியிருந்த இரண்டு சொல்

1

இந்த மாதத்தோடு நான் இங்கிலாந்துக்கு வந்து முப்பது வருஷம். மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கம் வயசானவர்கள் யாராவது இதைப் படித்தால் என்னை ஞாபகம் இருக்கும். லஸ் முனையில் ஜட்கா ஓட்டிய முனுசாமியின் மகன் கோவிந்தராஜ். படிப்பு மாநகராட்சிப் பள்ளியில் ஐந்தாவது வரை. அதற்குப் பிறகு கிண்டி லாயத்தில் குதிரைக்காரன். இன்றைக்கு இந்தச் சீமைக் கிராமத்தில் சொந்த வீடு. நாலு வருஷம் முன்பு வரைக்கும் ஆறு குதிரை வைத்துச் சவாரிப் பள்ளி நடத்தினேன். டாக்டர் வீட்டுப் பிள்ளை, வக்கீல் வீட்டுப் பிள்ளை எல்லாரும் என்னிடம்தான் கடிவாளம் பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். "முதுகை நிமிர்த்து" என்று நான் ஒரு சத்தம் போட்டால் வெள்ளைக்காரப் பிள்ளைகள் விறைத்துக்கொண்டு நிமிரும். தற்பெருமை இல்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

என் மனைவி கமலா இறந்த பிறகு பள்ளியை விற்றுவிட்டேன். ஐந்து குதிரைகளும் போயின. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். வாங்கும்போது அதற்கு வேறு பெயர் இருந்தது. நான் ராசா என்று மாற்றினேன். பழுப்பு நிறம், வயது இருபத்து மூன்று. மனுஷனுக்குக் கணக்குப் போட்டால் என்னைவிடப் பெரியவன். காது சுத்தமாகக் கேட்காது. மார்கரெட் என்கிற பண்ணைக்காரி அம்மாவின் லாயத்தில் அதற்கு ஒரு கொட்டடி வாடகைக்கு எடுத்திருக்கிறேன்.

தினமும் காலை ஏழு மணிக்குச் சேணம் போட்டுக் கிளம்புவேன். குறுகலான கிராமச் சாலை, இரண்டு பக்கமும் புதர்வேலி, மாதா கோயில், தபால் ஆபீஸ், திரும்ப வருவது. ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் ராசாவிடம் தமிழில் பேசிக்கொண்டே போவேன். அவனுக்குக் கேட்காது என்பது எனக்கும் தெரியும். மற்ற இருபத்து மூன்று மணி நேரம் பேச அவன்கூட இல்லை.

ஒரு நாள் மூடுபனி. நான் கறுப்புக் கோட்டு, ராசா பழுப்பு. வளைவில் ஒரு கார் வந்தது. அதன் பக்கவாட்டுக் கண்ணாடி நான் கால் ஊன்றியிருந்த அங்கவடியை உரசிக்கொண்டு போய் நின்றது. ஓட்டியவன் இறங்கி ஓடி வந்தான். "உங்களைப் பார்க்கவே இல்லை" என்று மூன்று தடவை சொன்னான். அவன் அந்தப் பனியைப் பற்றித்தான் சொன்னான். எனக்கு என்னவோ முப்பது வருஷத்தையும் சேர்த்துச் சொன்ன மாதிரி இருந்தது.

2

அடுத்த நாள் மார்கரெட் லாயக் கதவில் ஒரு காகிதம் ஒட்டினாள். சாயங்காலம் நான் அதன் முன்னால் நின்று, தலையை இரண்டு தடவை ஆட்டிவிட்டுப் போனேன். மறுநாள் காலை அதே கறுப்புக் கோட்டோடு கிளம்பினேன். அவள் ஓடி வந்து கடிவாளத்தைப் பிடித்தாள்.

"கோவிண்ட், நேற்று சாயங்காலம் படித்தாயே? சாலைக்குப் போகிறவர்கள் மஞ்சள் சட்டை போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் என் லாயத்தில் குதிரை வைக்கக் கூடாது."

"மறந்துவிட்டேன்" என்றேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதீர்கள். எனக்கு இங்கிலீஷ் பேச வரும். சண்டை போட வரும், குதிரைக்கு விலை பேச வரும். படிக்க வராது. தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பேன், எழுதுவேன். இங்கிலீஷில் என் பெயரைக் கையெழுத்தாகப் போடுவேன், அவ்வளவுதான். முப்பது வருஷத்தில் இது தெரிந்த ஒரே ஆள் கமலா. மயிலாப்பூரில் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவள். காலையில் தபால் வந்ததும் காப்பியோடு உட்கார்ந்து, கவுன்சில் கடிதம், இன்ஷூரன்ஸ் கடிதம், பள்ளிக்கூடத்துச் சீட்டு எல்லாவற்றையும் தமிழில் படித்துச் சொல்லிவிடுவாள். நான் பதில் சொல்வேன், அவள் எழுதுவாள். ஊர் என்னைக் கெட்டிக்காரன் என்றது.

அவள் போன பிறகும் தபால் நிற்கவில்லை. கரண்ட் பில்லும் டெலிபோன் பில்லும் உறையைப் பார்த்தாலே தெரியும். தபால் ஆபீஸில் கொண்டுபோய்க் கட்டிவிடுவேன். மற்றதெல்லாம் பிரிக்காமல் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போகும். மறதி என்று சொன்னால் வயசாகிவிட்டது என்பார்கள். படிக்க வராது என்று சொன்னால் என்ன சொல்வார்கள்? ஆகவே எனக்கு மறதி அதிகம் என்று கிராமத்தில் ஒரு பேச்சு உண்டு.

அன்றைக்கே மகள் மல்லிகா போன் செய்தாள். இரண்டு மணி நேரம் தள்ளி ஒரு பெரிய நகரத்தில் இருக்கிறாள். புருஷன், இரண்டு பிள்ளைகள், உத்தியோகம். அம்மா இருந்தவரை வாரம் தவறாமல் வருவாள். அம்மா போன கொஞ்ச நாளில் அது மாதத்துக்கு ஒரு போனாகச் சுருங்கியது. மழை பெய்கிறதா, மாத்திரை சாப்பிட்டீர்களா, சரி, வைத்துவிடுகிறேன். பட்டணத்துக் காற்று, இந்த ஊர்ப் பிள்ளைகள் இப்படித்தான் என்று நானும் விட்டுவிட்டேன். அவள் பிள்ளைகளுக்குத் தமிழில் தெரிந்த ஒரே வார்த்தை 'போதும்'. அதுவும் கமலா தோசை போடும்போது கற்றுக்கொண்டது.

"அப்பா, மார்கரெட் எல்லாம் சொன்னாங்க. மஞ்சள் போடுங்க. இல்லேன்னா குதிரையை வித்துடுங்க. ரெண்டுல ஒண்ணு."

"நீ எனக்கு உத்தரவு போடறியா?"

"ஆமா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ராசா போனால் எனக்கு அந்த ஒரு மணி நேரமும் போய்விடும்.

3

கடையில் விற்கிற மஞ்சள் சட்டையை மார்கரெட் காட்டினாள். சாக்குப் பை மாதிரி ஒன்று, கையில்லை, காலரில்லை. ரோடு தோண்டுகிறவர்கள் போடுகிற அதே சட்டை. இதையா நான் போடுவேன்?

கிண்டியில் இருந்தபோது விடியற்காலையில் ரேஸ் குதிரைகளை அடையாறு வழியாகக் கடற்கரைக்கு நடத்திக்கொண்டு போவோம், உப்புத் தண்ணீரில் கால் நனைக்க. இருட்டு. பால்காரன் சைக்கிள், மீன் கூடை, வெளிச்சமே இல்லாத மாட்டு வண்டி. யாரும் எங்களுக்கு மஞ்சள் மாட்டிவிடவில்லை. "ஓரம்! ஓரம்! குதிர வருது, ஓரம் போ!" என்று அடையாறு பாலம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திக்கொண்டே போவோம். அங்கே வாய்தான் எங்களுக்கு மஞ்சள் சட்டை. இங்கே வாயைத் திறந்தால் ஜன்னல் திரை விலகும்.

ஆனால் போட்டே தீர வேண்டும் என்றாகிவிட்டது. போடுவதானால் ஊரில் ஒருவரிடமும் இல்லாத சட்டையாகப் போடுவேன் என்று முடிவு செய்தேன். தை மாதத்தில் தம்பி மகள் கல்யாணத்துக்குச் சென்னை போக டிக்கெட் எடுத்திருந்தேன். மார்கரெட்டிடம் அதுவரை சாலைக்குப் போகமாட்டேன் என்று வாக்குக் கொடுத்து, இருட்டில் மின்னுகிற வெள்ளிப் பட்டை ஒரு சுருள் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

மெட்ராஸ் சென்னையாகிவிட்டது, பெயர்ப் பலகையெல்லாம் மாறிவிட்டது. சத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஆட்டோவில் ஏறி மந்தைவெளியிலிருந்து தி.நகர் போவதற்குள் என் டிரைவர் எத்தனை தடவை ஹாரன் அடித்தான் என்று எண்ண ஆரம்பித்து, ஆழ்வார்பேட்டையிலேயே விட்டுவிட்டேன். முன்னால் வண்டி இருந்தால் அடித்தான். இல்லாவிட்டாலும் அடித்தான். எனக்கு ஆனந்தமாக இருந்தது.

பாண்டி பஜாரில் ஐந்து கடை ஏறி இறங்கி, கண்ணைப் பறிக்கிற எலுமிச்சை மஞ்சளில் சாட்டின் துணி வாங்கினேன். நேராக மந்தைவெளிக்குத் திரும்பி டெய்லர் கன்னியப்பன் கடைக்குப் போனேன். கன்னியப்பனும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே நாளில் படிப்பை விட்டவர்கள். துணியைப் பிரித்துப் பார்த்தவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"இன்னாடா கோவிந்து, யாருக்கு இது? கரகாட்டத்துக்கா?"

"எனக்குத்தான்டா. குதிரை மேல போட்டுக்க."

"குதிரைக்கா, ஒனக்கா?"

"எனக்கு. ரோட்டுல கார்க்காரன் கண்ணுக்குத் தெரியணும்."

"அய்ய, முப்பது வருசமா சீமைல கீற, இன்னும் உன்னைக் கண்ணுக்கே தெரியலயா நைனா?" என்று சொல்லிவிட்டு அவனே சிரித்தான். நானும் சிரித்தேன். கொஞ்சம் பொறுத்துத்தான் அது உறைத்தது.

காலர் வைத்து, மார்பில் இரண்டு பாக்கெட் வைத்து, வெள்ளிப் பட்டையை ராணுவ அதிகாரி உடுப்பு மாதிரி குறுக்கே ஓட்டித் தைத்தான். இரண்டு நாளில் தயார். மாட்டிப் பார்த்தபோது கடைக்கு வெளியே நின்ற இரண்டு பேர் கும்பிட்டார்கள். நிஜமாகவே கும்பிட்டார்கள்.

"முதுகு வெறும்ன கீது. இன்னாவது எழுதிக்கினு போ" என்றான் கன்னியப்பன்.

இங்கிலாந்தில் சவாரிக்காரர்கள் முதுகில் ஏதோ எழுதிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். மெதுவாகப் போ, தள்ளிப் போ என்கிற மாதிரி. எனக்கும் சரி என்று பட்டது. இரண்டு தெரு தள்ளி மெக்கானிக் ஷெட்டில், லாரிகளுக்குப் பெயரும் பூவும் எழுதுகிற பெயிண்டர் ஒருவர் இருந்தார். பெயர் தாஸ். சட்டையைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார்.

"இன்னா சார் எழுதணும்?"

"லாரிக்குப் பின்னாடி எழுதுவீங்களே, இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை? அதேதான். மெதுவா வா, தள்ளிப் போன்னு."

"அதானே? கண்ண மூடிக்கினு எழுதுவேன் சார். ஆயிரம் வண்டிக்கு எழுதிகீறேன்."

"எழுத்து சரியா இருக்கணும். அங்கே எல்லாம் படிச்சவங்க."

"சார், இந்தக் கை எழுதுன எழுத்து டெல்லி வரிக்கும் போயிகினு கீது" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. என் மாதிரி ஆள்.

கறுப்பு பெயிண்டில் மேலே ஒரு வார்த்தை, கீழே ஒரு வார்த்தை எழுதினார். இரண்டு பக்கமும் சிவப்பில் தாமரைப் பூ. நான் தள்ளி நின்று, கண்ணைச் சுருக்கி, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படிக்கிற மாதிரி தலையை நகர்த்திப் பார்த்து, "கரெக்ட்" என்றேன்.

4

லாயத்தில் நான் சட்டையைப் போட்டுக்கொண்டு ஏறியதைப் பார்த்த மார்கரெட், முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். முதுகைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். "உன்னைத் தவிர உலகத்தில் யாரும் இதைச் செய்யமாட்டார்கள், கோவிண்ட்! நல்ல வேளை, உன் குதிரைக்குக் காது கேட்காது" என்றாள். கடைசியில் சொன்னது எனக்கு விளங்கவில்லை. வேலைப்பாட்டைத்தான் புகழ்கிறாள் என்று நினைத்து, "மெட்ராஸ் தையல்" என்றேன்.

அன்றைக்குச் சாலையில் பின்னால் ஒரு ரொட்டி வேன் வந்தது. வெகு நேரம் பின்னாலேயே வந்தது. என்ன யோசிக்கிறான் என்று நான் நினைக்கும்போதே 'பீப்' என்று சின்னதாக ஒரு ஹாரன்.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இது புரியாது. இந்த நாட்டில் ஹாரன் அடிப்பது கெட்ட வார்த்தை சொல்வதற்குச் சமம். குதிரைக்குப் பின்னால் அடிப்பது அதைவிட மோசம். நான் திரும்பிப் பார்த்தேன். வேன்காரன் முகத்தில் கோபம் இல்லை. சிரித்துக்கொண்டே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். நான் கையைத் தூக்கினேன். ராசா காதைக்கூட ஆட்டவில்லை.

அடுத்த நாள் பால் லாரி அடித்தது. மூன்றாம் நாள் பள்ளிக்கூட பஸ் நீளமாக அடித்தது. உள்ளே இருந்த பிள்ளைகள் எல்லாரும் பின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கை ஆட்டின. ஒரு வாரத்தில் அந்தச் சாலையில் என்னைக் கடந்த வண்டிகளில் பாதி, ஹாரன் அடித்துவிட்டுத்தான் போயின. தபால்காரி அடித்தாள். மாதா கோயில் பாதிரியார்கூட தன் சின்னக் காரில் தயங்கித் தயங்கி ஒன்று அடித்தார்.

முப்பது வருஷமாக இதே சாலையில் போகிறேன். இவ்வளவு பேர் என்னைப் பார்த்ததில்லை. ஊர் ஒருவழியாக என்னை ஏற்றுக்கொண்டது என்று நினைத்தேன். கமலா படத்துக்கு முன்னால் நின்று அன்றைக்கு எத்தனை ஹாரன் என்று தினமும் சொன்னேன். காலையில் ஒரு மணி நேரம் என்பது இரண்டாயிற்று. தபால் ஆபீஸ்வரை போய்த் திரும்பி, மறுபடியும் ஒரு சுற்று. கண்ணை மூடிக்கொண்டால் லஸ் முனை மாதிரியே இருந்தது.

5

இரண்டு மாதம் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னால் ஒரு கார் வருவது தெரிந்தது. ஹாரன் வரவில்லை. மாதா கோயிலைத் தாண்டினேன், பின்னாலேயே வந்தது, அப்போதும் இல்லை. யார் இது, மரியாதை தெரியாதவன் என்று எனக்கு எரிச்சல். கடிவாளத்தை இழுத்துத் திரும்பினேன். காரை ஓரம் கட்டிவிட்டு என் மகள் இறங்கி வந்துகொண்டிருந்தாள். நான் மஞ்சள் போடுகிறேனா என்று கண்ணால் பார்க்க வந்திருக்கிறாள்.

"பார்த்தியா? போட்டிருக்கேன்" என்றேன்.

"அப்பா, முதுகுல என்ன எழுதியிருக்கு?"

"தெரியலையா? மெதுவா வா, தள்ளிப் போன்னு."

"யார் சொன்னது?"

"நான்தான் எழுதச் சொன்னேன்."

"படிங்க பார்க்கலாம்."

"முதுகுல இருக்கறதை எப்படிம்மா படிக்கறது?"

அவள் சிரிக்கவில்லை. "கழட்டுங்க" என்றாள். கழற்றிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் என் முகத்துக்கு நேராக விரித்துப் பிடித்தாள். "இப்ப படிங்க."

நான் தாமரைப் பூவைப் பார்த்தேன். பெயிண்ட் ஒரு இதழில் லேசாக வழிந்திருந்தது.

"கண்ணாடி கொண்டு வரலை."

"நீங்க கண்ணாடியே போடறதில்லை அப்பா."

ராசா வேலி ஓரத்துப் புல்லை மேய ஆரம்பித்தான். நான் குதிரை மேல் இருந்தேன், அவள் கீழே நின்றாள். ஆனாலும் அவள்தான் உயரமாக இருந்த மாதிரி இருந்தது.

"சவுண்ட் ஹாரன்னு எழுதியிருக்கு" என்றாள் மெதுவாக. "ஹாரன் அடிங்கன்னு நீங்களே கேட்டுக்கிட்டுப் போறீங்க."

ரொட்டி வேன், பால் லாரி, பள்ளிக்கூட பஸ், பாதிரியார். ஒவ்வொருவராக என் மனசில் கையை இறக்கிக்கொண்டார்கள். யாரும் எனக்கு வணக்கம் சொல்லவில்லை. கேட்டதைச் செய்தார்கள், அவ்வளவுதான்.

மல்லிகா சட்டையை மடித்துக்கொண்டே ஏதோ யோசித்தாள். பிறகு தலையைத் தூக்கி, "அப்படீன்னா என் லெட்டர்?" என்றாள்.

"எந்த லெட்டர்?"

வீட்டுக்கு வந்து பிஸ்கட் டப்பாவை எடுத்து மேஜையில் கொட்டினேன். பிரிக்காத உறைகள், கண்ணாடி ஜன்னல் வைத்தது, வைக்காதது. அதற்குள்ளிருந்து ஒரு நீல உறையை உருவினாள். கமலா போன அடுத்த மாதம் வந்தது. கடிதம் முழுக்க இங்கிலீஷ். உறையைக் கிழித்து, அப்படியே படிக்க ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்தி முதலிலிருந்து தமிழில் சொன்னாள்.

"அப்பா, போன்ல நாம சண்டைதான் போடறோம், அதனால எழுதறேன். எங்க மாடில ஒரு ரூம் காலியா இருக்கு. வந்துடுங்க. ராசாவுக்கும் பக்கத்துல ஒரு லாயம் பார்த்து வெச்சிருக்கேன். இஷ்டம்னா ஒரு வரி எழுதுங்க. எழுதலேன்னா, தனியா இருக்கத்தான் உங்களுக்குப் பிடிச்சிருக்குன்னு நான் புரிஞ்சுக்கறேன். அதுக்கப்புறம் தொந்தரவு பண்ண மாட்டேன்."

காகிதத்தை மடித்தாள். "நீங்க எழுதலை" என்றாள்.

"எனக்குப் படிக்க வராதும்மா."

அறுபத்தைந்து வயதில் முதல் தடவையாக அந்த வாக்கியத்தைச் சொன்னேன். குதிரையிலிருந்து விழுந்து விலா எலும்பு உடைந்ததுகூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை.

"போன்ல ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, லெட்டர் வந்துதுன்னு."

"கேட்டா, என்ன எழுதியிருக்குன்னு நீ திருப்பிக் கேட்பியே."

"நான் கோவம்னு நெனச்சேன் அப்பா. நாலு வருஷமா."

"நான் பட்டணத்துக் காத்துன்னு நெனச்சேன்."

அவள் அப்போதுதான் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். மேஜையில் கிடந்த மற்ற உறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, சாயங்காலம் வரைக்கும் எனக்குப் படித்துச் சொன்னாள், அவள் அம்மா மாதிரியே. பாதிக்கு மேல் ஒன்றுமில்லாத விளம்பரம். அதற்குப் பயந்தா நாலு வருஷம் டப்பாவை மூடி வைத்தேன்?

மாடி அறையைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், பெரியவன் அதில் இருக்கிறான். "நல்லது, படிக்கிற பையனுக்குத் தனி ரூம் வேணும்" என்றேன்.

6

மறு வாரம் கடையில் விற்கிற சாக்குப் பைச் சட்டை ஒன்று வாங்கிக்கொண்டு வந்தாள். முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று மூன்று தடவை படித்துக் காட்டினாள். தயவுசெய்து மெதுவாக, தள்ளிப் போகவும். இதுதான் நான் முதலிலேயே கேட்டது. இப்போது அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறேன். ராசாவை விற்க வேண்டியதில்லை என்று மல்லிகா ஒப்புக்கொண்டாள்.

சட்டை நல்ல சட்டை, குறை சொல்ல மாட்டேன். இங்கே குதிரை ஏறுகிற எல்லாரும் போட வேண்டும். பனியில் அது உயிரைக் காப்பாற்றும். கார்கள் தூரத்திலேயே வேகத்தைக் குறைக்கின்றன. சாலையின் அந்தப் பக்கத்துக்கு ஒதுங்கி, பூனை மாதிரி சத்தமில்லாமல் கடக்கின்றன. நான் கையைத் தூக்குகிறேன், அவர்களும் தூக்குகிறார்கள். பள்ளிக்கூட பஸ் பிள்ளைகள் சில நாள் என் முதுகையே தேடினார்கள். பிறகு விட்டுவிட்டார்கள். மறுபடியும் ஒரே சுற்றுதான் போகிறேன்.

மந்தைவெளிப் பக்கம் போகிறவர்கள் யாரும் இதைக் கன்னியப்பனிடம் சொல்ல வேண்டாம். முக்கியமாகப் பெயிண்டர் தாஸிடம் சொல்ல வேண்டாம். அவரிடம் நான் கரெக்ட் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

தாமரைச் சட்டை சமையலறை ஆணியில் தொங்குகிறது. மல்லிகா மாதத்தில் ஒரு ஞாயிறு வருகிறாள். உத்தியோகம், பிள்ளைகள், அதற்கு மேல் முடியாது, நான் கேட்பதும் இல்லை. மூன்று ஞாயிறு தெருவில் இலை விழுந்தால் கேட்கும். நாலாவது ஞாயிறு பதினோரு மணிக்கு, எங்கள் சாலைத் திருப்பத்தில் இரண்டு ஹாரன், நீளமாக, லஸ் முனையில் அடிக்கிற மாதிரி அடிக்கிறாள். பக்கத்து வீட்டு ஜன்னலில் திரை விலகுகிறது. அடுப்பை அணைத்துவிட்டு நான் வாசலுக்குப் போய், கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன்.